வலது கைக்குத் துளைத்த பந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

லோஷினி எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசியில் சொல்லாமல் தாளில் எழுதுகிறேனே என்று கோபப்படாதீர்கள். நீங்கள் பேசும்போது உங்கள் அறையில் தங்கியிருக்கிற அக்காமார் எல்லாருக்கும் கேட்கிறது, பிரேமாவதி அக்கா நடுவில் புகுந்து என்ன லோஷி பாஸா என்று கேட்டுவிட்டால் எனக்கு வாயே வராது. சத்தியசீலன் அண்ணன் லோரியில் நீங்கள் இருக்கிற ஜொகூருக்குச் சாமான் ஏற்றிப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது. தினமும் மழை. தோட்டத்துப் பாதை சேறாகிக் கிடக்கிறது, அப்பாவின் மோட்டார் இரண்டு முறை சறுக்கிவிட்டது, அடி ஒன்றும் இல்லை. செம்பனைக் குலை தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்கிறார், தைலம் தேய்த்துவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா, பயிற்சியில் நான் தேறவில்லை. நான் தேறினால் பவுலிங் இடத்துப் பந்துக் கடையில் வேலை உறுதியாகும், தீபாவளிக்கு வந்ததும் நீங்கள் அப்படியே வீட்டோடு இருந்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோமே, அது நடக்காது. உங்கம்மாவுக்கு எழுதாதே, அவ மனசு ஒடிஞ்சுடும் என்று அப்பா சொன்னார். எழுதாவிட்டால் நீங்கள் பெட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வந்து நிற்பீர்கள், அப்போது சொல்வது இன்னும் கொடுமை இல்லையா. எப்படித் தோற்றேன் என்று முழுவதும் எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பந்தில் ஓட்டை போட ஒரு படிப்பா என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற அந்தப் பவுலிங் இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிற பந்து வேறு, சொந்தமாக வாங்குகிற பந்து வேறு. சொந்தப் பந்து விரல் நுழைக்கத் துளை இல்லாமல் மொழுமொழுவென்று வரும், வாங்கினவருடைய கையை அளந்து அவருக்கென்று துளைக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் விரல் காய்த்துப்போகும், மணிக்கட்டு வீங்கும். பினாங்கிலிருந்து மிஸ் லிம் வந்து எனக்கும் ஷாருலுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஷாருல் கோத்தா கோலா மூடாவிலிருந்து வருகிற பையன், அவன் அப்பா படகில் மீன் பிடிப்பவர். காலையிலிருந்து வாடகைச் சப்பாத்து கவுண்டரில் நின்று, ஊர்க்காரர் எல்லாரும் காலில் போட்டுக் கழற்றின சப்பாத்துக்கு மருந்து அடித்து, அதற்குப் பிறகு டிரில் மெஷின் முன்னால் நிற்பேன். பந்தின் தூள் மூக்கில் ஏறி, தலைமுடி எல்லாம் கருகின வாடை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், சில நாள் நம் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

மெஷின் எனக்குப் பயமில்லை அம்மா, கைதான் பயம். அளப்பதற்கு முன்பின் தெரியாத ஆளின் கையை நம் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், விரல்களைப் பிரித்து வைக்க வேண்டும், கட்டைவிரலை மெதுவாகப் பின்னால் வளைத்துப் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் முக்கால்வாசி ஆண்கள். பதினைந்து வயதில் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டபோது, இனி யார் முன்னாலும் எழுந்து நின்று பேச வேண்டாம் என்று ஒரு நிம்மதி இருந்தது, இங்கே அதைவிடப் பெரிதாக வந்து மாட்டிக்கொண்டேன். வீட்டில் அப்பாவின் கையைப் பிடித்துப் பழகினேன். அவருக்கு என்னைவிடக் கூச்சம், என்னடா, கைய பாத்து ஜோசியம் சொல்லப்போறியா, எனக்கு எப்ப லோட்ரி விழும் சொல்லு என்று நெளிந்தார். ஷாருல் ஒரு யோசனை சொன்னான், ஆளை நினைக்காதே, மீன் என்று நினைத்துப் பிடி லா, நழுவவிட்டால்தான் தப்பு என்று.

கடைசித் தேர்வுக்கு உண்மையான வாடிக்கையாளர் வேண்டும். எனக்கு வந்தவர் மஜீத் மாமா. சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாவை வீசிச் சுடுகிற ரொட்டி சானாய் கடை வைத்திருக்கிறாரே, நீங்கள்கூட எனக்கு அங்கே வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கடை மூடுகிற நாளில் கூட்டாளிகளோடு வந்து பொதுப் பந்தில் விளையாடுவார், இப்போது பிள்ளைகள் சொந்தப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கையால் வீசுவீர்கள் என்று முதலில் கேள், அப்புறம் வீசச் சொல்லிப் பின்னால் நின்று பார், அதற்குப் பிறகுதான் அளவு என்பது மிஸ் லிம்மின் முதல் பாடம். அந்தக் கேள்வியைப் பஸ்ஸில் வரும்போது தமிழிலும் மலாயிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் எல்லாம் போய்விட்டது, கைய குடுங்க மாமா என்று மட்டும்தான் வந்தது. அவரும் வலது கையை நீட்டினார். வீசிக் காட்டுங்கள் என்று சொல்ல வெட்கப்பட்டு, அந்தக் கையையே அளந்துவிட்டேன். மிஸ் லிம் அந்த நேரம் ஷாருலின் பக்கம் நின்றிருந்தார். அளவில் ஒரு பிசகும் இல்லை, துளையும் சுத்தமாக வந்தது, அன்று சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

மறுநாள் மனைவி கதீஜா அத்தையையும் கூட்டிக்கொண்டு மஜீத் மாமா வந்தார். பந்தை எடுத்தார், இடது கையை விட்டார். அம்மா, அவர் இடது கைக்காரர். துளைகள் எல்லாம் இடம் மாறி நிற்கின்றன, கட்டைவிரல் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வரவே இல்லை, பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஷாருல் சவர்க்காரத் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினான். கூட்டாளிகள் எல்லாம், மஜீத்து, அப்படியே வீட்டுக்குக் கொண்டு போ, குழந்தை மாதிரி இருக்கு என்று சிரித்தார்கள். விரல் வெளியே வந்ததும், ஏன் வலது கையைக் கொடுத்தீர்கள் என்று மிஸ் லிம் மலாயில் கேட்டார். மாமா என்னைப் பார்த்துத் தமிழில், பொம்பளப் புள்ள கைய குடுங்கன்னு கேக்குது, பீச்சாங்கைய எப்புடிம்மா நீட்டுறது என்றார். கதீஜா அத்தை தலையில் அடித்துக்கொண்டு, சோத்துக்கும் சலாமுக்கும் சோத்தாங்கைன்னு நான் திட்டித் திட்டிப் பழக்கினது, அந்தப் பழக்கம் இங்கதானா வேலயக் காட்டணும் என்றார். அவருக்கு மரியாதை, எனக்கு வெட்கம், நடுவில் பந்து வீணாகிவிட்டது.

மிஸ் லிம் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். துளை நன்றாக இருக்கிறது, ஆனால் இது இவருடைய பந்து இல்லை, தேறினதாகப் போட முடியாது என்றார். இனிச் சீனப் புத்தாண்டு கழிந்துதான் அவர் மறுபடி வருவார். ஷாருல் தேறிவிட்டான். மேலாளர் சிவநேசன் அண்ணன், அதுவரைக்கும் சப்பாத்து கவுண்டர்தான்லா தங்கச்சி, நான் என்ன செய்ய என்றார். அவர் மீதும் தப்பில்லை.

பந்தை மட்டும் காப்பாற்ற முடிந்தது. துளையில் ஒரு மருந்தை ஊற்றினால் கல்லாக இறுகிவிடும், தேய்த்து மழமழப்பாக்கிப் புதிதாகத் துளைக்கலாம். ஷாருல் அளக்கட்டும் என்று சிவநேசன் அண்ணன் சொன்னதற்கு மஜீத் மாமா ஒப்பவில்லை. அந்தப் புள்ளயே அளக்கட்டும், எந்தக் கைன்னு இப்ப அதுக்குத்தான் நல்லாத் தெரியும் என்றார். கைக்குட்டையில் இடது கையைத் துடைத்து, கோச்சுக்காதம்மா என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டினார். இந்த முறை வீசிக் காட்டச் சொன்னேன், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கட்டைவிரல் மூட்டு புடைத்திருந்தது. வலிக்கிறதா மாமா என்றால் சேச்சே என்றார். யாரும் வலி என்று சொல்லமாட்டார்கள், லேசாக அழுத்திவிட்டு முகத்தைப் பார் என்று மிஸ் லிம் சொல்லியிருந்தார். அழுத்தினேன், உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுப்படியில் யாரும் பார்க்காத இடத்தில் இத்தனை வருசமும் இடது கையால்தான் ரொட்டி வீசுகிறாராம், கதீஜாகிட்ட சொல்லிடாத, கடைக்கு அனுப்பமாட்டா என்றார். மூட்டு இருக்கிற இடத்தில் கொஞ்சம் தாராளமாக விட்டுத் துளைத்தேன். அவர் வீசினபோது எத்தனை கட்டை விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, கட்டைவிரலைத்தான் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வெளியே வந்தது. ஆனால் மிஸ் லிம் அதற்குள் பினாங்கு போய்விட்டார், அது தேர்வுக் கணக்கில் வராது.

இவ்வளவுதான் அம்மா. களைப்பாக இருக்கிறது, ஆனால் விடமாட்டேன். நீங்கள் இன்னும் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் தரை துடைக்க வேண்டுமே என்பதுதான் மனதில் கிடக்கிறது. பசியாறாமல் விடியுமுன்னே சிங்கப்பூர் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள், ரொட்டியாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த சப்பாத்தோடு நாள் முழுவதும் நிற்காதீர்கள். நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் சொல்கிறேன், யாரு யாருக்கு அம்மான்னு தெரியல என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். தீபாவளிக்கு வரும்போது என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்யுங்கள், அடுத்த முறை தேற அது போதும்.

ஒன்று மறக்காதீர்கள். போன வாரம் பேசும்போது, கை கொஞ்சம் வலிக்குது, ஒண்ணும் இல்ல என்றீர்கள். நானும் தைலம் போடுங்கள் என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று திரும்பவும் எழுத வேண்டாம். எந்தக் கை, எந்த விரலுக்குப் பக்கம் என்று எழுதுங்கள். வந்ததும் நான் பிடித்துப் பார்க்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
லோஷினி