பேசும் மாத்திரைப் பெட்டி

ஜனவரி 9

குட்டியின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதம் என்றால் நீ கிழிப்பதற்குள் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடலாம்.

அடுத்த மாதம் அம்மாவுக்குப் பிறந்தநாள். நாம் பிரிந்தபோது, மகன் வேண்டாம், மருமகள் போதும் என்று உன்னோடு இருந்துவிட்ட மாமியார் இந்த உலகத்தில் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். போகட்டும்.

அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற சாமான் வேண்டாம், உபயோகமாக ஏதாவது வாங்கலாம் என்று பார்க்கிறேன். இங்கே ஒரு கடையில் வயதானவர்களுக்கென்றே ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். வழுக்காத விரிப்பு, கீழே விழுந்ததைக் குனியாமல் எடுக்கிற நீளக் கிடுக்கி, தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். வேலை முடிந்து நேராக அங்கே போய் நின்றேன். நாளெல்லாம் லிப்ட் குழிக்குள் கிடந்துவிட்டு வந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கழன்று விழும் போலத்தான் தெரிகிறது. எது வேண்டும் என்று நீயே எழுது.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா


ஜனவரி 17

குட்டியின் அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

போன வருடம் நீங்கள் அனுப்பிய விளக்கு வைத்த கைத்தடியால் அத்தை பேன் சுவிட்சைத் தட்டுகிறார். நடப்பதற்குச் சுவரைத்தான் பிடித்துக்கொள்கிறார். அதற்கு முந்தைய வருடத்துக் கம்பளிக் காலுறை தரையில் வழுக்கியது, அதை நான் போட்டுக்கொள்கிறேன். பூதக்கண்ணாடி வந்து சேர்ந்தபோது அவருக்குப் படிக்கிற ஆசையே விட்டுப்போயிருந்தது. நீங்கள் வாங்குவதெல்லாம் நீங்கள் விட்டுப்போன அம்மாவுக்கு. மறதியோடு இங்கே இருப்பவர் வேறு ஆள்.

எங்கள் கண்ணாடிக் கடைக்கும் இப்படித்தான் வருகிறார்கள். மகன் பிரேமைத் தேர்ந்தெடுப்பான். அது அம்மா மூக்கில் நிற்குமா என்று பார்க்கமாட்டான். நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்ல, அந்த அம்மாவும் தலையை ஆட்டும். மறுவாரம் தனியாக வந்து, காதுக்குப் பின்னால் புண்ணாகிவிட்டது என்று என்னிடம் காட்டும்.

அத்தைக்கு வேண்டியது ஒன்றுதான். மதிய மாத்திரை. அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன், குட்டி கல்லூரி விடுதியில். கீழ் வீட்டுத் தையல்காரம்மா கொடுத்தால், எதையோ கலந்து கொடுக்கிறாள் என்று துப்பிவிடுகிறார். நான் போன் போட்டுச் சொன்னால், நீ யார் எனக்குச் சொல்ல என்று கேட்கிறார். நேரம் வந்ததும் தானே திறந்து, நாம் பதிவு செய்த குரலில் பேசுகிற மாத்திரைப் பெட்டி இப்போது விற்கிறதாம். உங்கள் குரலில் சொல்லி அனுப்புங்கள். எட்டி இருக்கிற மகன் சொன்னால் வேதவாக்கு, கிட்டே இருக்கிற மருமகள் சொன்னால் செவிடன் காதில் ஊதிய சங்கு. இதைக் குறையாகச் சொல்லக்கூடத் தெம்பில்லை. அப்படி ஒரு அலுப்பு.

குட்டியின் அம்மா


பிப்ரவரி 6

குட்டியின் அம்மாவுக்கு,

பெட்டி இத்துடன் வருகிறது. அடியில் நான்கு பேட்டரி. பச்சைப் பொத்தானை அழுத்தினால் குரல், சிவப்பைத் தொடாதே, எல்லாம் அழிந்துவிடும்.

என் அறையில் சத்தம் அதிகம். அதனால் வேலை செய்கிற கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போய், லிப்ட் மோட்டார் அறையில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தேன். ஒரே மூச்சில் வரவில்லை, திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருந்தது. அதற்குள் கீழே சனம் கூடி, லிப்ட் என்ன ஆனது என்று கத்த ஆரம்பித்துவிட்டது. கேபிளில் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்ன சொன்னாள் என்று எழுது.

குட்டியின் அப்பா


பிப்ரவரி 24

குட்டியின் அப்பாவுக்கு,

முதல் நாள் நானும் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தேன். மணி அடித்தது, மூடி திறந்தது, உங்கள் குரல். "அம்மா, சாப்டியா? மாத்திரையப் போட்டுக்கோ. வரேன்மா." அத்தை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். மறு பேச்சில்லாமல் கையை நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. பொறாமையும் இருந்தது, மறைப்பானேன்.

மாத்திரை இப்போது தவறுவதில்லை. தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. போனை வைக்கும்போது சொல்கிற பழக்கத்தில் "வரேன்மா" என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் விடைபெறுவதற்குச் சொன்னீர்கள். அவர் வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டார். விழுங்கின கையோடு தலையை வாரி, செருப்பை மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மூன்று வேளை மாத்திரையையும் பெட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு நாளில் மூன்று முறை வரவேற்பு. மதியம் உட்கார்ந்தவர் நான் கடையிலிருந்து வரும்வரை எழுந்திருப்பதில்லை. கால் வீங்கிவிட்டது. உள்ளே கூப்பிட்டால், "நீ போ. அவன் வரும்போது நான் இங்க இருக்கணும்" என்கிறார்.

வேறு மாதிரி முடித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு நடை வந்து போங்கள். இரண்டாவதற்குப் பேட்டரி வேண்டாம்.

குட்டியின் அம்மா


மார்ச் 8

குட்டியின் அம்மாவுக்கு,

வேறொரு பெட்டி அனுப்புகிறேன். ஒரு பேச்சை எப்படி முடிப்பது என்று இத்தனை வயதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். "சரிம்மா" என்று நிறுத்தினால் அதட்டுவது போல இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் பாதியில் அறுந்த மாதிரி. கடைசியில் "வச்சிடறேன்மா" என்று முடித்திருக்கிறேன்.

வருவதைப் பற்றி. இங்கே இரண்டு கட்டடத்துக்கு நான் ஒருவன்தான். அதைச் சமாளித்துவிடலாம். உன் வாசலில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்றுதான் தெரியவில்லை.

குட்டியின் அப்பா


மார்ச் 21

குட்டியின் அப்பாவுக்கு,

புதுப் பெட்டி பேசியதும் அத்தை அழுதுவிட்டார். நான் என்ன செய்தேன், ஏன் கோபமாக வைத்துவிட்டான் என்று என்னைக் கேட்டார். மாத்திரையைத் தொடவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுப் பழைய பெட்டியையே திரும்ப வைத்துவிட்டேன். மறுபடி செருப்பு, கைப்பை, வாசல்.

நான் தளர்ந்துபோய்விட்டேன். அத்தையைக் குளிப்பாட்டுவதில், துணி துவைப்பதில் இல்லை, அதெல்லாம் கை தானாகச் செய்கிறது. வராதவருக்காகக் காத்திருக்கிற ஒருவரைத் தினமும் எழுப்பி உள்ளே கூட்டிப்போவதுதான் முடியவில்லை. உங்கள் முகத்தை நான் பார்க்கமாட்டேன், அடுப்படியில் இருந்துகொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கையில் எதையும் வாங்கி வர வேண்டாம்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 19

குட்டியின் அப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்று வந்ததற்கு நன்றி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அடுப்படியில் இருப்பேன் என்று சொன்னேனே தவிர, கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாசலில் செருப்போடு உட்கார்ந்திருந்தவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெட்டி ரிப்பேர் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றீர்கள். நான்தான் உன் மகன் என்று சொல்லி மல்லுக்கட்டவில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, பழுதே இல்லாத பெட்டியைத் திருகு திருகாகக் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். அவரும் தன் மகனைப் பற்றி உங்களிடம் பெருமையடித்துக்கொண்டே இருந்தார். பெரிய பெரிய கட்டடத்தையெல்லாம் மேலும் கீழும் இழுக்கிறவன் என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

கிளம்பும்போது வாய் தவறி "வரேன்மா" என்றீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் அத்தை உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரைக்காக உள்ளங்கையை நீட்டினார். நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்து என்னிடமும் "வரேன்" என்றீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். துணிப்பெட்டியோடு வீட்டை விட்டுப் போன அன்றும் அதையே சொன்னீர்கள். நான் அத்தையைப் போல வாசலில் உட்காரவில்லை, எனக்கு வேலை இருந்தது. ஆனால் மேல் தாழ்ப்பாளைப் போடாமல் கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் போட்டுப் படுத்த வருடங்கள் உண்டு. வெளியிலிருந்து உங்களுக்குத் திறக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அத்தையிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் வரேன் என்று சொல்லுங்கள். அவருக்கு அது மருந்து. என்னிடம் ஒரு முறையாவது போறேன் என்று சொல்லிவிடுங்கள். அமங்கலம் என்று பார்க்காதீர்கள். எனக்கு உபயோகமான சாமான் இனி அதுதான்.

குட்டியின் அம்மா


மே 2

குட்டியின் அம்மாவுக்கு,

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நான் வந்து அம்மாவோடு இருக்கிறேன். ரிப்பேர்காரனாகவே வருகிறேன், அந்த வேலை எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ தூங்கு, இல்லை எங்கேயாவது போய்வா. சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டால் போதும், நாம் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கட்டடத்தில் ஒன்றை வேறு ஆளிடம் விட்டுவிட்டேன்.

நீ கேட்ட சொல்லை எங்கள் வீட்டில் யாரையும் சொல்லவிட்டதில்லை. சிறுவயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். அம்மா வாயிலேயே ஒரு போடு போட்டு, திரும்ப உள்ளே இழுத்து உட்காரவைத்து, "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று சொல்லவைத்த பிறகுதான் அனுப்பினாள். அதனால் நேரில் எனக்கு வாய் வராது. எழுதியே கொடுத்துவிடுகிறேன். மேல் தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்.

போகிறேன்.