நாரி நோகாத வீரன்

என் ஆசை மச்சான் அன்ரனுக்கு,

உன் பெயரில் ஒரு உதைபந்தாட்டக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? போன ஞாயிறு இறுதியாட்டம். மைதானத்தில் உன் படத்தைப் பெரிதாக அடித்துக் கட்டி, மாலையும் போட்டிருந்தார்கள். கழகத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "நாரி நோகுதெண்டு ஒருநாளும் வாய் திறக்காத வீரன்" என்று உன்னைப் புகழ்ந்தார். நான் அவர் பக்கம் பார்த்துக் காறித் துப்பினேன்.

நீயா வாய் திறக்கவில்லை? பந்தை அடிக்கக் காலைத் தூக்கும்போதே அடிமுதுகில், நாரியில் கொளுவிப் பிடிக்குது என்று எத்தனை தரம் சொன்னாய்! "கடல்காரனுக்கு நாரி நோகுமோடா? இன்னும் ரெண்டு கிழமை கரைவலை இழு, இறுகிப்போம்" என்றார் இதே மனிதர். நாங்களும் சிரித்தோம். வலை இழுப்பதுதானே நம் பயிற்சி. வளைந்த முதுகோடு விடிய விடிய இழுத்துவிட்டுப் பின்னேரம் பந்தடிக்கப் போனாய்.

ஆட்டத்துக்கு முன் உனக்கு வலிக் குளிசை தந்தது யார்? நான். இரண்டு, பிறகு நாலு. வருடக்கணக்காகத் தந்தேன். உன் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இவ்வளவு குளிசை ஆர் குடுத்தது?" என்று டொக்டர் அதட்டினார். உன் அம்மாவும் பக்கத்தில் நின்றா. நீ என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "நானாத்தான் கடையில வாங்கினனான்" என்றாய். ஏன்டா அப்படிச் சொன்னாய்?

இப்போது உன் தம்பி றெஜிக்கும் அதே நோ. உன்னுடைய இடத்தில்தான் ஆடுகிறான். முந்தின வேகம் இல்லை, எழும்பித் தலையால் அடிக்கவும் பயப்படுகிறான். நான்தான் இப்போது அணிப் பொறுப்பாளர். அதனால் ஒரு பிசியோ மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவ அவனைக் கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொன்னா. முதுகு அசையாமல் ஒரு முழங்காலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அவனால் முடியவில்லை மச்சான். கால் நீள நீள நாரியும் கூடவே வளைந்தது.

"பலம் இல்லாமல் இல்லைத் தம்பி. எப்ப நாரியை அசையாம வச்சிருக்கோணுமெண்டு உடம்புக்குப் பிடிபடேல்ல. அதைப் பழகோணும். குளிசை போட்டு விளையாடினா நோ தெரியாது, பழுது கூடும்" என்றா. இவ்வளவு சின்ன விசயம். ஒரு கதிரை போதுமாயிருந்தது. அதைக் கேட்டபோது என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

ஞாயிறு உன் புகழ் பாடி முடித்த கையோடு தலைவர் றெஜியிடம் வந்தார். "அண்ணன்ர கிண்ணம். நீ இறங்காட்டி சனம் என்ன சொல்லும்?" என்றபடி குளிசைகளை நீட்டினார். உன் படத்துக்குக் கீழேயே நின்று நீட்டினார், தூ! றெஜியும் கையை நீட்டினான். நான் தட்டிவிட்டேன்.

"அண்ணாவுக்கு நீங்கள்தானே குடுத்தனீங்கள்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஓம். நான்தான் குடுத்தனான். நீ இண்டைக்கு இறங்கக்கூடாது."

அவன் அணியின் மேற்சட்டையைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனான். அடம்பன் ஊர்ப் பெடியளிடம் இரண்டு கோலால் தோற்றோம். காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று நம் ஆட்களே என் காதுபடச் சொன்னார்கள். அது எனக்குச் சுடவில்லை.

சுட்டது வேறு. ஆட்டம் முடிந்ததும் உன் அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. "ஒருத்தனை ஆண்டவர் கூப்பிட்டிட்டார். மற்றவனை நீ காப்பாத்தித் தந்திட்டாய், மகன்" என்று அழுதா. ஆண்டவர் கூப்பிட்டாராம்! நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். தலைவரைப் பார்த்துக் காறித் துப்பினேனே, என்னைப் பார்த்து யார் துப்புவது?

றெஜி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான். வருகிற ஞாயிறு பூசை முடிய உன் வீட்டுக்குப் போய், நீ எனக்காகச் சொன்ன பொய்யை அம்மாவிடம் உடைப்பேன். இது சத்தியம். உனக்கு விருப்பமில்லாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஞாயிறு வரைக்கும் உன் அம்மாவுக்கு மகனாக இருக்கும்,
ஜெறோம்