உங்கள் பெயருக்கும் ஆமென் சொன்னார்கள்

என் பிரியமுள்ள கிறிஸ்டி அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் உயிரோடு இருந்தபோது எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம்?

நீங்கள் படிக்க ஆசைப்பட்ட வேதாகமக் கல்லூரியில் இப்போது நான் படிக்கிறேன். சிரிக்காதீர்கள். போதகர் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருகிறார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்திய நீங்களும் போய்விட்டீர்கள். யாராவது படித்துவிட்டு வராவிட்டால் எஸ்டேட் ஆலயத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் தானா ராத்தா டவுன் ஆலயத்துக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

கல்லூரி மலைக்குக் கீழே இருக்கிறது. அந்தச் சூடு எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் நம் கிறிஸ்டி வயசுப் பிள்ளைகள், என்னை ஆன்ட்டி என்கிறார்கள். கிரேக்க எழுத்தை நான் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கிறது. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்து என்ன செய்வேன், சொல்லுங்கள்? ஒருத்திக்கு மட்டும் அளந்து சமைக்க இன்னும் எனக்கு வரவில்லை. கிறிஸ்டி ஈப்போவிலிருந்து போன் செய்தாலும் உங்களைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றியே பேசுகிறாள்.

பாடம் நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் நோயுற்றவருக்காக ஜெபிப்பது பற்றி வகுப்பு நடந்த அன்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். விசுவாசத்தோடு கேட்க வேண்டும் என்றார் ஆசிரியர். நாம் கேட்கவில்லையா? உங்கள் கண் மஞ்சளான நாளிலிருந்து சபை முழுவதும் கேட்டதே. ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு உபவாசமிருந்தும் கேட்டோமே. அதெல்லாம் எங்கே போனது? வகுப்பில் இதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உங்களுக்காவது இப்போது தெரிந்திருக்குமா?

விடுமுறைக்கு வந்திருக்கிறேன். போன ஞாயிறு முதல் தடவையாக என்னை ஆராதனை நடத்தச் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் இரண்டாம் வருடத்துக்குச் சபையின் சிபாரிசு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகப் பேச்சு. சபைச் செயலாளர் இன்னமும் நம் கிராணி ஐயாதான். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்த அதிகாரம் மட்டும் குறையவில்லை. “பொம்பள மேடையில ஏறுறது எனக்கு ஒப்பல. இருந்தாலும் பாப்போம் லா” என்று முன்பே சொல்லியிருந்தார்.

பிரசங்கம் பரவாயில்லாமல் போனது. பிறகு மன்றாட்டு ஜெபம். நம் சபையில் அதற்கு ஒரு வரிசை உண்டே, வாரா வாரம் மாறாதது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன். முதுகு வலியில் கிடக்கும் பாக்கியம் அக்கா, பரீட்சை எழுதும் பிள்ளைகள், திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள். அடுத்து, “சுகவீனமாயிருக்கும் எங்கள் சகோதரர் ஜெயபாலைத் தொட்டுக் குணமாக்கும் ஆண்டவரே” என்றேன். சபை முழுவதும் ஆமென் என்றது.

மாதக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய்கள். ஆமென் அடங்கிய பிறகுதான் நான் சொன்னது உங்கள் பெயர் என்று எனக்கும் உறைத்தது, அவர்களுக்கும் உறைத்தது. கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. முன் பெஞ்சில் யாரோ விசும்பினார்கள். ஜெபத்தை முடிக்காமலேயே இறங்கிவிட்டேன். கிராணி ஐயாதான் எழுந்து மீதியைச் சொல்லி எல்லோரையும் அனுப்பிவைத்தார்.

வெளியே என்னிடம் வந்தார். “நானுந்தாம்மா ஆமென் சொல்லிட்டேன்” என்றார். “ஒன் மேல கோவம் இல்ல. ஆனா காயம் ஆறாம ஊழியம் செய்ய முடியாது. ஒரு வருசம் வீட்ல இரு. அப்புறம் பாத்துக்கலாம்.”

ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் பிறகு நான் போக மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் பட்டது. நான் கேட்டதைக் கொடுக்காத கடவுளிடம் இன்னொருவருக்காக என்னவென்று கேட்பேன்? வீட்டுக்கு வந்து புத்தகங்களைக் கட்டி மூலையில் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்தாள். மாரியம்மன் கோயிலை விட்டால் வேறெங்கும் போகாதவள், நம் ஆலயப் படியில்கூடக் கால் வைத்ததில்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு பரவாமல் இருக்குமா? எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். அவள் புருஷன் முனியாண்டியை, இனி மருந்து இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“செத்துப்போன மனுசனுக்கே சொகம் கேட்டீங்களாமேக்கா” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. “எங்க வீட்டுக்காரரு இன்னும் உசுரோடதான் இருக்காரு. அவருக்கு வந்து கேளுங்களேன்.”

போனேன். முனியாண்டியின் கண்ணும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குணமாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை, கேட்காமல் எழுந்து வரவும் முடியவில்லை. அழுதுகொண்டே கேட்டேன். செல்லம்மாவுக்கு ஆமென் சொல்லத் தெரியாது. “சரி சாமி” என்றாள்.

அவர் பிழைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கடவுள் மேல் எனக்குள்ள கோபமும் தீரவில்லை. அங்கிருந்து நேரே கிராணி ஐயா வீட்டுக்குப் போய், “இது ஆறாதுங்கய்யா. ஆறாமலே படிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். சிபாரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சனிக்கிழமை கல்லூரிக்குப் பஸ் ஏறுகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு. இனி அந்த ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் முனியாண்டியின் பெயரைச் சொல்லுவேன். அவரும் போய்விட்டால், அடுத்து யார் படுத்திருக்கிறாரோ அவர் பெயரை.

உங்கள் வீட்டுக்காரி,
கிறிஸ்டி அம்மா