அப்புக்காத்து பிரின்டில் ஏன் ஊர் திரும்பினார்?

டூட்டிங், லண்டன்
12.09.1993

என்றும் தவணை கேட்கும் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் ஒரே மகளும் அம்மாவின் ஓயாத தலையிடியுமான கௌரி எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் சொல்வீர்கள், ஆனபடியால் கேட்கவில்லை.

எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் படங்களின் பெயர்த் துண்டுகளை யாரோ மாற்றி ஒட்டிவிட்டார்களாம். மகாராணிக்குக் கீழே தாடிக்காரப் பிரதமரின் பெயர். வரலாற்று ரீச்சர் என்னை மட்டும்தான் பார்த்தார். மற்றப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத மாடு மேய்த்தவர், தங்கம் தோண்டியவர் என்று நல்ல நல்ல அமெரிக்கர்களைக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஓர் அப்புக்காத்து, வழக்குப் பேசுபவர்.

பெயர் அசாஹெல் பிரின்டில். பழைய புத்தகத்தில் அரைப்பக்கம், அதில் பாதி மீசைப் படம். வயல் உழும் கமக்காரன் மகன். ஒரு வழக்கறிஞரின் கந்தோர் அறையைக் கூட்டித் துடைத்தே சட்டம் படித்து அப்புக்காத்தாகி, ஒகையோ மாநிலச் சட்டசபைக்கும் பிறகு மேற்சபைக்கும் போயிருக்கிறார். அடுத்தது கவர்னர்தான் என்று எல்லோரும் கதைத்த நேரத்தில், 1858இல், பதவியை விட்டுவிட்டுத் தன் சின்ன ஊருக்கே திரும்பிவிட்டார். கலியாணம் கட்டவில்லை. ஒரு நாயோடு இருந்து செத்தார்.

ஏன் விட்டார் என்று புத்தகம் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குடைகிறது. ஓர் அப்புக்காத்து எதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவார்? நீங்களும் அப்புக்காத்துத்தானே, உங்களுக்குத்தான் தெரியும். என் அப்புக்காத்து இங்கே வருவதற்கு மட்டும் ஏன் கொழும்பை விடுகிறார் இல்லை என்பது இரண்டாம் கேள்வி.

உங்கள் விசா நவம்பர் முப்பதோடு முடிகிறது. அம்மா உங்களுக்குக் குளிருக்கு மொத்தமான கோட்டு ஒன்று வாங்கிக் கதவடிக் கொழுவியில் போட்டிருக்கிறா. நான் போட்டுப் பார்த்தேன், கை முழங்காலில் முட்டுகிறது. "கழட்டடி, அது அப்பான்ர" என்று பேசினா.

இப்படிக்கு,
சட்டம் தெரியாத, சட்டைக் கை நீண்ட
கௌரி


வெள்ளவத்தை, கொழும்பு
25.09.1993

செல்ல மகள் கௌரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பெயர்த் துண்டை மாற்றியது யாரென்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டிவரும்.

உன் பிரின்டிலை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் எதை விட்டார் என்று பார்த்துக்கொண்டிராதே. ஊருக்குப் போய் இறங்கிய கையோடு என்ன வேலையைத் தொட்டார் என்று தேடு. காரணம் அங்கே கிடக்கும்.

இங்கே ஒரு வழக்கு வந்திருக்கிறது. நிர்மலா என்று ஒரு தாய். மகன் பாஸ்கரனை லொட்ஜில் இருந்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று சொல்கிறார்கள் இல்லை. பிடித்தவனைக் கொண்டுவந்து நீதிபதியின் முன்னால் நிறுத்துங்கள் என்று மனுப் போட்டிருக்கிறேன். முதலில் எடுத்த வழக்கறிஞர் மிரட்டலுக்குப் பயந்து விலகிவிட்டார். ஒக்டோபர் பதினைந்து வழக்குத் தவணை. அது முடிய பிளேன் ரிக்கற் போடுகிறேன்.

அம்மாவிடம் சொல், எனக்கு அவ்வளவு குளிராது.

அன்புடன்,
அப்பா


டூட்டிங்
10.10.1993

மாண்புமிகு அப்பாவுக்கு,

இங்கே தவணை முறையில் டிவி வாங்கலாம். அப்பா வாங்க ஏலாது.

நான் சும்மா இருக்கவில்லை. கதவில் உங்கள் பெயரில் 'குலசேகரம், அப்புக்காத்து' என்று பலகை எழுதி ஒட்டினேன். அடுத்த நாளே மூன்றாம் வீட்டு யோகலிங்கம் அங்கிள் தன் விசா விஷயமாக வந்த ஹோம் ஆபீஸ் கடிதத்தோடு வந்து நின்றார்.

"ஐயா நிக்கிறாரோ பிள்ளை?"

"வழக்குப் பேசக் கோட்டுக்குப் போயிட்டார்."

அது பொய்யில்லைத்தானே. அம்மா பலகையைக் கழற்றச் சொல்லிப் பேசினா. ஆனால் தானும் கழற்றவில்லை.

இனிப் பெரிய செய்தி. நூலகக்காரி எங்கேயோ இருந்து பிரின்டிலின் ஊர் வரலாற்றை எடுப்பித்துத் தந்தார். மர்மம் துலங்கிவிட்டது. அந்த ஊரில் அவருடைய மகள் இருந்திருக்கிறாள். "பதவி ஆருக்கு வேணும், நான் பிள்ளையோட இருக்கப்போறன்" என்று மேற்சபையை விட்டுப் போயிருக்கிறார். ஊரே மெச்சியதாம். முன்மாதிரித் தீர்ப்பு அமெரிக்காவிலேயே இருக்கிறது, நீங்கள் பின்பற்ற வேண்டியதுதான் பாக்கி.

நீதிமன்றக் கோடு அங்கே, குளிர்க்கோட்டு இங்கே என்று தவிக்கும்
கௌரி


வெள்ளவத்தை
22.10.1993

அன்பு மகளுக்கு,

பொய்ச்சாட்சிக்காரர் முதலில் என்ன சொன்னோம் என்பதை மறந்துவிடுவார்கள். உன் முதல் கடிதம் என் மேசையில் கிடக்கிறது. அதில் பிரின்டில் கலியாணம் கட்டாதவர், நாயோடு இருந்து செத்தவர். இப்போது மகள் வந்திருக்கிறாள். சாட்சி அவர்களே, மகள் என்று நீங்கள் சொல்வது அந்த நாயையோ?

இதை எழுதும்போது சிரித்துவிட்டேன், பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு யோசித்தேன். நீ ஒளிக்கிறாய் என்றால் உண்மை என் பக்கம் நிற்கிறது. புத்தகத்தில் உள்ளதை அப்படியே அனுப்பிவிடு.

பதினைந்தாம் திகதி அரசாங்கத் தரப்பு வரவில்லை. நவம்பர் பதினெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்ததும் நிர்மலா கேட்டா.

"ஐயா லண்டனுக்குப் போறியளாம்?"

"போறன் அம்மா. இது முடியட்டும்."

அவ என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தா.

அப்பா


டூட்டிங்
03.11.1993

அப்பா,

ஓம், மகள் நாய்தான்.

பக்கத்தைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தப்பி வந்த ஓர் அடிமையை ஒளித்து வைத்ததற்காகப் பிரின்டிலின் ஊர் ஆட்கள் சிலரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்களுக்காகப் பேச அங்கே ஒரு வழக்கறிஞரும் வரவில்லை. பிரின்டில் பதவியை விட்டது ஒரு கிழமை, சிறைக் கதவைத் தட்டியது அடுத்த கிழமை. பாதி வழக்குகளில் தோற்றுப்போனார். அதற்குப் பிறகு ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை.

இதை வாசித்தவுடன் எனக்கு நல்ல சந்தோசம், கண்டுபிடித்துவிட்டேன் என்று. பஸ்ஸில் வரும்போதுதான் பயம் வந்தது. இதைக் காட்டினால் நீங்கள் வரமாட்டீர்கள்.

ஆனால் இந்தத் தீர்ப்பு உங்கள் வழக்குக்குப் பொருந்தாது. நான் வடிவாக யோசித்துவிட்டேன். அவர் கலியாணம் கட்டாதவர். அவருக்காக ஒருத்தரும் கோட்டு வாங்கிக் கொழுவியில் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. நாய் எங்கே போனாலும் கூடப் போகும்.

நவம்பர் முப்பது, அப்பா.

கௌரி


வெள்ளவத்தை
19.11.1993

என் கௌரிக்கு,

உன் வாதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீதிபதியாக இருந்தால் உன் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

நேற்று அரசாங்கத் தரப்பு, பாஸ்கரன் தங்களிடம் இல்லை என்றது. அவனை ஏற்றிய ஜீப்பைக் கண்ட லொட்ஜ்காரர் துணிந்து வந்து சாட்சி சொன்னார். முகாம் அதிகாரியே வந்து நிற்கவேண்டும் என்று டிசம்பர் ஒன்பதுக்குக் கட்டளை. இவ்வளவு நாளில் முதன்முதலாக ஏதோ அசைந்திருக்கிறது. இந்த நேரத்தில் நான் எழும்பிப் போனால், இனி ஒருவரும் இந்த வழக்கைத் தொடமாட்டார்கள்.

விசா முடியும் நாள் எனக்குத் தெரியும். திரும்பவும் கேட்டு எழுதுவேன். தருவார்களோ தெரியாது.

பிரின்டிலுக்கு ஒருவரும் காத்திருக்கவில்லை, எனக்கு இரண்டு பேர். அது தெரிந்துகொண்டேதான் நிற்கிறேன். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்.

அப்பா


டூட்டிங்
12.12.1993

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு எழுதக்கூடாது என்று இருந்தேன். இருந்தும் பார்த்தேன், கையைச் சும்மா வைத்திருக்க ஏலாமல் போய்விட்டது.

அம்மா தன் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தா. அடுப்பை நிற்பாட்டினா. "வா, சாப்பிடு" என்றா. கோட்டைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் கொடுத்த தவணை போன கிழமையோடு முடிந்தது. அம்மா கொண்டுபோகவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது. 'பிரின்டிலுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். ரீச்சர் சிவப்பு மையில், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நூலகத்துக்குப் போய்த் திரும்பவும் தேடினேன். ஒன்றும் இல்லை. காத்திருந்தார்கள் என்றும் இல்லை, காத்திருக்கவில்லை என்றும் இல்லை. அரைப்பக்கத்தில் கோட்டுக்கெல்லாம் இடமில்லை போல. நாளைக்கு உங்களைப் பற்றி யாராவது அரைப்பக்கம் எழுதினால், நானும் அம்மாவும் அதில் இருக்கமாட்டோம்.

அந்த வரியை வெட்டிவிட்டு, 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

யோகலிங்கம் அங்கிள் திரும்பவும் வந்தார். "ஐயா இன்னும் வரேல்லையோ?" என்றார். "வழக்கு முடியேல்லை அங்கிள்" என்றேன். பலகை இன்னும் கதவில்தான் இருக்கிறது. போன மழைக்கு எழுத்துக் கரைந்துவிட்டது, அம்மாதான் பேனையால் திரும்ப எழுதினா.

உங்கள் சுகத்தைப் பிறகு எழுதலாம். ஒன்பதாம் திகதி என்ன நடந்தது? பாஸ்கரனைக் கொண்டுவந்தார்களா? அதை முதல் வரியில் எழுதுங்கள்.

கௌரி