யன்னலுக்கும் ஒரு அங்குலம்

யூன் 3, 2024, திங்கள்

முன் யன்னலின் இடது கதவு இன்று கழன்று என் கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்கக் கறையான். அத்தான் வந்து பார்த்தார். "நாள் முழுக்க அதில தொங்கிக்கொண்டு நிண்டா கழலாமல் என்ன செய்யும்?"

நான் தொங்குவதில்லை. அந்த யன்னலடியில்தான் என் தையல் மெசின் இருக்கிறது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன்; இரண்டு வருடமாக அங்கிருந்துதான் தைக்கிறேன். ஆட்கள் துணியையும் அளவுக்கு ஒரு பழைய சட்டையையும் கம்பிக்குள்ளால் தந்துவிட்டுப் போவார்கள். யாரையும் உள்ளே கூப்பிட்டு இருத்திக் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

யூன் 5, புதன்

குவைத்திலிருந்து அம்மா போன் எடுத்தார். "யன்னலை மாத்துங்கோ. ஹெக்டர் அத்தான் பாத்துச் செய்வார்."

வீடு அம்மாவுடையது. பார்த்துச் செய்வது அக்காவின் புருசன்.

யூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது அத்தான் போனில் படம் காட்டினார். அலுமினியம், இழுத்துத் திறப்பது. கறுப்புக் கண்ணாடி, வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. கழற்ற முடியாத நுளம்பு வலை.

வலைக்குள்ளால் துணி எப்படி வாங்குவது என்று கேட்டேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அக்காதான் திருப்பிச் சொன்னாள்.

"வாங்காதை. குமர்ப்பிள்ளை கடைப் பொம்மை மாதிரி ரோட்டுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு! தைக்கிறதெண்டா குசினிக்குப் பக்கத்து அறையில வச்சுத் தை."

அந்த அறையில் பகலிலும் லைட் போடவேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் — என்ன தெரியும்? அவருக்கென்ன! துறைமுகத்தில ஏசிக்குள்ள இருந்து பேப்பர் தட்டுறவர்.

அக்கா கோப்பை கழுவப் போய்விட்டாள். அத்தான் சத்தம் போட்டால் அவள் கழுவத்தான் போவாள்.

யூன் 10, திங்கள்

அத்தான் தன் சேட்டுக்குப் பொத்தான் தைக்கச் சொன்னார். தைக்கவில்லை.

யூன் 12, புதன்

அளவெடுக்க யன்னல் கடையிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொன்னார்களாம். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். "கண்டவன் நிண்டவன் உள்ளுக்கு வரத் தேவையில்லை. எங்கட வீட்டில ரெய்லர் இருக்கு!"

முதல் தடவையாக என்னை ரெய்லர் என்றார். அதுவும் நக்கலுக்கு.

என் நாடாவால் அளந்து துண்டுப் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினார். என்னைத் துரத்தும் யன்னலுக்கு நானே அளவெடுத்திருக்கிறேன். மடைச்சி.

யூன் 26, புதன்

இன்றைக்கு எழுத்து கோணல்.

காலையில் மேசன் பாஸ் வந்து பழைய யன்னலைப் பெயர்த்து எடுத்தார். புதியதைத் தூக்கி வைத்தால், போகவில்லை. நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு அங்குலம் பெரிது. அத்தான் என் பேப்பரையும் நாடாவையும் கொண்டுவந்து சுவரில் பிடித்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டைக்கு அளந்தால் ஒவ்வொரு பக்கமும் தையலுக்கு ஒரு அங்குலம் விட்டு எழுதுவேன். கை பழகியபடி யன்னலுக்கும் விட்டிருக்கிறேன்!

"நிரோஷா! நீ வேணுமெண்டே செய்தனீ?" ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பாஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இல்லை அத்தான், மறந்துபோய் — என்று சொல்லியிருக்கலாம். அழுதிருந்தால் விட்டிருப்பார்.

"ஓம்" என்றேன்.

"என்ன?"

"ஓம். வேணுமெண்டுதான். நான் இதில இருந்துதான் தைப்பன்."

பொய். ஏன் சொன்னேன்? முழுப்பொய்யும் இல்லை.

கையை ஓங்கினார். குசினியிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்து நடுவில் நின்றாள். விலகாமல் நின்றாள்.

"அப்ப நீயே போய் மாத்திக்கொண்டு வா. எனக்கு அவன்ட கடையில முகத்தைக் காட்டேலாது" என்றுவிட்டு அத்தான் வெளியே போனார்.

யூன் 27, வியாழன்

சுவரில் பெரிய ஓட்டை. பொலித்தீன் கட்டியிருக்கிறோம். பக்கத்து ஒழுங்கை ஹமீமா தாத்தா — முஸ்லிம் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் — அதை ஒதுக்கித் தலையை நீட்டினார். "என்ன புள்ள, ஜன்னலையும் கழட்டித் தைக்கப் போட்டா?"

அத்தான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோசம்.

யூன் 29, சனி

ஆமர் வீதிக் கடைக்குப் போனேன். அக்கா கூட வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். வழி முழுக்கச் சொல்லிப் பழகியதெல்லாம் மறந்துபோய், முதலாளி அலவி நானாவிடம் பேப்பரை நீட்டினேன். தையலுக்கு விட்டது என்றதும் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"பெரிசா வந்தா வெட்டலாம் மகள். சின்னனா வந்தாத்தான் கரச்சல்."

"வெட்ட வேண்டாம். வேற தாங்க. வெளியால திறக்கிறது. வெள்ளைக் கண்ணாடி. வலை வேண்டாம்."

"ஹெக்டர் மாத்தயா கறுப்பெண்டுதானே சொன்ன?"

"தைக்கிறது நான்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். கறுப்பு யன்னலை வெட்டி மட்டக்குளியில் ஒரு வீட்டுக்குப் போடுவாராம். எங்களுக்கு அளவெடுக்கத் தானே வருவாராம்.

யூலை 13, சனி

புது யன்னலைப் பொருத்தியாயிற்று. வெளிச்சம் ஊசி வரை வருகிறது. அத்தான் என்னோடு கதைப்பதில்லை. நானும்தான்.

யூலை 15, திங்கள்

அத்தான் தடித்த கறுப்புத் திரைச்சீலை ஒன்று வாங்கிவந்து, என் யன்னலில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

தொட்டுப் பார்த்தேன். நல்ல துணி. பத்து மணிக்குக் கழற்றி, பாவாடை ஒன்று தைக்க மேசையில் விரித்தேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டு அக்கா வந்தாள். வெட்டிய துண்டுகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு பாவாடைக்குத் துணி காணுமோ?"

காணும் என்றேன்.