விண்ணப்பத்தில் இருந்த எண்

ஜூன் 11, புதன்

வந்து ஒன்பது நாள் ஆகிறது. அறையின் அளவு: நான் கால் நீட்டிப் படுத்தால் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வாளி வைக்கலாம். வைத்திருக்கிறேன். இன்னொரு கட்டில் நர்ஸ் அக்காவுடையது. அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. அதனால் எங்களுக்குள் இதுவரை எந்த மனத்தாங்கலும் இல்லை.

வேலை, பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்ப்பது. தொழிற்சாலையில் கலக்கும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அட்டையில் பூசி, மூல அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, விளக்கடியில் பார்த்து, இரண்டும் ஒன்றா வேறா என்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் வேதியியல் படித்து, இரண்டு வெள்ளையில் எது வெள்ளை என்று சொல்லும் தகுதியை அடைந்திருக்கிறேன். எங்களிடம் நாற்பத்தொரு வெள்ளை இருக்கிறது. மேலாளர் முதல் நாளே சொன்னார்: "வெள்ளைதாம்மா கஷ்டம். மத்த நிறத்துல தப்பை ஒளிச்சிடலாம்." அவர் பெயிண்டைப் பற்றித்தான் பேசினார்.

அப்பா தெருவில் என்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா, "சுண்ணாம்பு கம்பெனி" என்கிறாள். அம்மா எப்போதும் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவள்.

ஜூன் 12, வியாழன்

இதை எங்காவது ஒரு முறை முழுதாக எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழிக்கு ஜாமீன் என்று பெயர். வார்டனிடமோ ஆய்வகத்திலோ யார் மாட்டினாலும், "இவளுக்கு நான் பொறுப்பு மேடம்" என்று போய் நிற்பாள். அதனால் வந்த பெயர். எனக்காக மட்டும் நான்கு முறை நின்றிருக்கிறாள். ஒரு முறை நான் உடைத்த குடுவைக்கு அவள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து அழகாக இருப்பதாக மேடம் என்னைப் பாராட்டினார்.

இந்தக் கம்பெனி கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தபோது இருவரும் போனோம். இருந்தது ஒரே இடம். விண்ணப்பத்தில் நான் அப்பாவின் எண்ணைக் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து பேசினால் தான்தான் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. ஜாமீன் என் எண்ணைக் கொடுத்தாள். அவளுக்கு அப்பா இல்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அதை முதலில் எடுப்பவர் அக்காவின் புருஷன். பெண் வெளியூர் போய் வேலை பார்ப்பது அவருக்கு ஆகாது. "உன் நம்பர்னா பத்திரமா இருக்கும்டி" என்றாள்.

மே மாதம் என் போன் அடித்தது. ஒரு பெண் குரல். அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், வருவாளா என்று கேட்டது. நான் அவள் தோழி என்றேன். அதுவரை உண்மை. பிறகு, "அவங்க வேற இடத்துல சேர்ந்துட்டாங்க" என்றேன். திட்டம் எதுவும் போடவில்லை. இருமல் வருவதுபோல வந்துவிட்டது.

மறுநாள் அப்பாவின் போன் அடித்தது. பட்டியலில் இரண்டாவது ஆள் நான். அப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

ஜூன் 15, ஞாயிறு

ஜாமீன் பேசினாள். "எனக்குக் கிடைக்கலைன்னா என்ன, உனக்குக் கிடைச்சுதே. அது போதும்டி."

போர்வை உட்பட எல்லாவற்றையும் துவைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

மாமா, அதாவது அக்காவின் புருஷன், வேலைக்குக் கிளம்பியதும் ஜாமீன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். இன்று கேட்டாள்: "அங்க யாரையாவது கேட்டுப் பாரேன். நான் எங்க கோட்டை விட்டேன்னு தெரிஞ்சா சரி பண்ணிக்கலாம்ல?"

ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது சுலபம். ஆனால் ஜாமீன் விடமாட்டாள், கம்பெனிக்கே கடிதம் எழுதுவாள். ஆகவே, "இங்கிலீஷ்தான் போல" என்றேன்.

"நானும் அதான் நினைச்சேன்" என்றாள். அவள் எப்படி அதை நினைத்திருக்க முடியும்? எங்கள் வகுப்பிலேயே நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவள் அவள்தான். இன்னொருத்தி சொன்னால் தன்னைப் பற்றி எதையும் நம்பிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் என்னைப் போன்றவர்களைக் குடிவைக்கக் கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

ஜாமீன் இங்கிலீஷ் பேசும் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். காலை ஆறரை மணிக்கு. மளிகைக் கடைக்கு மேல் மாடி. மொத்தம் பதினாறு பேர், அதில் பதினைந்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

எனக்குப் பேசிக் காட்டினாள். "மே ஐ நோ த ரீசன், சார்?" எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குறையே இல்லை. இருந்தாலும் ஓரிடத்தில் திருத்தினேன். திருத்தாவிட்டால் சந்தேகம் வருமே. "பாத்தியா, இதான் எனக்குத் தெரியல" என்று சந்தோஷப்பட்டாள்.

இனி தினமும் பத்து நிமிடம் எனக்குப் பேசிக் காட்டுவாளாம். நான் ஆசிரியை.

ஜூலை 19, சனி

மாமாவுக்குப் பேச ஒரு வாதம் கிடைத்துவிட்டது. "கம்பெனிக்காரனே வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டான். இனிமே படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்றாராம். ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். சொந்தமாக மரக்கடை. ஆகஸ்ட் கடைசியில் பார்க்க வருகிறார்கள். ஜாமீன் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள், பயிற்சிக்காக. மரக்கடையை எப்படிச் சொல்வது என்று மட்டும் தமிழில் கேட்டாள்.

சொல்லிவிட வேண்டும். நாளைக்கே.

ஜூலை 20, ஞாயிறு

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் 'சூழ்நிலை' என்ற சொல் ஐந்து முறை வந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் என் குடும்பக் கஷ்டம். மூன்றாம் பக்கம் முடியும்போது எனக்கே என்மேல் இரக்கம் வந்து கண் கலங்கிவிட்டது. நான் கெடுத்ததற்கு அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்கிற நிலைக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. கிழித்துப் போட்டேன்.

நர்ஸ் அக்கா கண்ணைத் திறக்காமலே, "என்னம்மா, காதல் கடிதமா?" என்றார். ஆமாம் என்றேன். அதுகூட இதைவிடக் கௌரவம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எதிர் மேசைக்காரர் வேலையை விட்டுவிட்டார். பெயிண்ட் வாசனையில் அவருக்குத் தீராத தலைவலி. ஆக, ஓர் இடம் காலி.

மேலாளர் நேராக என்னிடம் வந்தார். "உங்க காலேஜ்ல இருந்து முதல் ஆளா ஒரு பொண்ணு வந்துச்சே. எங்கயோ சேர்ந்துட்டதா சொன்னாங்க. இப்ப வருமான்னு கேட்டுப் பாருங்களேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

எவ்வளவு சுலபம். ஒரு போன். அவளுக்கு வேலை, மரக்கடை ரத்து. ஆனால் அவள் வந்து உட்கார்ந்ததும் யாராவது கேட்பார்கள்: முன்னே எங்கே வேலை பார்த்தாய்? அந்த ஒரு கேள்விதான் எனக்கும் அவள் வாழ்க்கைக்கும் நடுவில் நிற்கிறது. நான் யார் பக்கம் என்று யோசிக்க ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டேன். நல்லவர்களுக்கு அவ்வளவு நேரம் பிடிக்காது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேசினாள். பத்து நிமிடம் திருத்தினேன். காலி இடத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் அம்மாவை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கோப்பு மேடம் என்பார்கள். கோப்பில் இல்லாத எதையும் அவர் நம்புவதில்லை. பதினொரு மணிக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேலாளரும் இருந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களாம்மா?"

"இப்ப தொடர்பு இல்ல மேடம். நம்பரும் இல்ல."

"பரவாயில்ல. ஃபைல்ல இருக்கு."

கோப்பைத் திறந்து, விரலை வைத்து, மேசைத் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். அவர் ஆறாவது எண்ணை அழுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தாவது எண்ணுக்குப் பிறகு என் கோட்டுப் பையில் போன் அடித்தது.

தேள் கொட்டிய திருடன் கத்த முடியாமல் நிற்பான் என்பார்கள். அவன் பையில் தேள் மணியடிப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலாளர் நல்ல மனிதர். "உங்க போன்தாம்மா அடிக்குது. எடுங்க, நாங்க வெயிட் பண்றோம்" என்றார். எடுத்தேன். "ஹலோ" என்ற மேடத்தின் குரல் எதிரிலும் காதிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

மேடம் ரிசீவரை வைத்தார். கோப்பை மறுபடி பார்த்தார். "'வேறிடத்தில் சேர்ந்துவிட்டதாகத் தோழி தகவல்'னு எழுதி வச்சிருக்கேன். அந்தத் தோழி நீங்களா?"

"ஆமா மேடம்."

"அந்தப் பொண்ணு அப்ப எங்க சேர்ந்துச்சு?"

"எங்கயும் சேரல."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் குறைந்திருக்கும். "ரெண்டாவதா தேர்வானது நீங்கதான். அதுல பொய் இல்ல. வேலையில இருந்து எடுக்கல" என்றார். "ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும். இப்ப. இங்க வச்சு."

ஜாமீன் முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னடி, வேலை நேரத்துல?"

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க. மே மாசம் வேலை உனக்குத்தான் வந்துச்சு. என் நம்பருக்கு போன் பண்ணாங்க. நீ வேற இடத்துல சேர்ந்துட்டேன்னு நான் சொல்லிட்டேன்."

மூன்று பக்கத்தில் முடியாத கடிதம். பேச்சில் இவ்வளவுதான் இருந்தது.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"அப்ப என் இங்கிலீஷ்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ திருத்துனியே."

"ஆமா."

"தினமும் திருத்துனியே."

மேடம் கோப்பின் நாடாவைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். ஜாமீன் அடுத்துப் பேசியது என்னிடம் இல்லை. "மேடம், நான் எப்ப வரணும்?"

ஆகஸ்ட் 7, வியாழன்

அவள் பேசவில்லை. அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா போனில் தழுதழுத்தாள். ஜாமீனின் அம்மா அவளிடம் பேசினாராம். "உங்க பொண்ணு சொல்லித்தான் என் பொண்ணுக்கு வேலை கிடைச்சுது. கூட உங்க பொண்ணு பொறுப்பா இருக்கான்னுதான் எங்க மூத்த மாப்பிள்ளை அனுப்பவே சம்மதிச்சார்" என்றாராம். மரக்கடைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு வீட்டை விட்டு வெளியே வர ஒரு நல்லவள் தேவைப்பட்டிருக்கிறாள். கைக்குக் கிடைத்தது நான்.

"நல்ல மனசுடி உனக்கு" என்றாள் அம்மா. அப்பா போனை வாங்கி, "வளர்ப்பு" என்றார். மறுத்தால் அவளை அனுப்பவே மாட்டார்கள். இத்தனை நாள் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடினேன். இனி அவளுக்காக மூட வேண்டும். மூடுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

செப்டம்பர் 1, திங்கள்

சேர்ந்துவிட்டாள். தங்குவது வேறு விடுதி, என்னுடையதிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், எனக்கும் சொன்னாள். "இந்த அட்டையெல்லாம் எங்க வைக்கணும்? நீங்க சொல்லுங்க."

மூன்று வருடம் ஒரே அறை. என்னை அவள் 'டி' போடாமல் கூப்பிட்டதே இல்லை. இன்று ஒன்பது முறை 'நீங்க'. மேலாளருக்குக்கூட அவ்வளவு கிடைக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வெளியிலிருந்து தரம் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள். நாங்கள் எல்லோரும் மேசையைத் துடைப்பதுபோல் நடித்தோம். ஜாமீன் ஒரு மணி நேரம் அவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். போன பிறகு மேலாளர், "எங்கம்மா இவ்வளவு நல்லா இங்கிலீஷ் கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"கிளாஸ்ல சார்" என்றாள்.

என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருக்கலாம்.

அக்டோபர் 10, வெள்ளி

சாப்பாட்டு இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள். தானாக வருவது இதுதான் முதல் முறை. கையில் ஒரு பொட்டலம். "அம்மா அனுப்பியிருக்காங்க. இங்க குளிர்னு சொன்னேன். ரெண்டு பின்னியிருக்காங்க, ஒண்ணு உங்களுக்கு."

பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வாங்கலைன்னா அவங்களுக்குச் சந்தேகம் வரும். போன் போட்டுத் தரேன், நன்றி சொல்லிடுங்க. மாமாவும் சாப்பிட வந்து பக்கத்துல இருப்பார். எப்பவும் பேசுற மாதிரி பேசுங்க."

பேசினேன். "அளவெல்லாம் அவதாம்மா எழுதி அனுப்பினா. உனக்குக் கை அவளைவிட ஒண்ணரை விரல் நீளம்னு" என்றார் அவள் அம்மா. மாமா வாங்கி, "உன் பொறுப்புலதாம்மா விட்டிருக்கோம்" என்றார். சரிங்க என்றேன். அப்போது ஜாமீன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, போனில் கேட்கிற மாதிரி உரக்க, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கலர் பிடிச்சிருக்குன்னு சொல்லுடி."

சொன்னேன்.

போனை வாங்கி அணைத்தாள். சிரிப்பும் அதோடு அணைந்தது. "நன்றிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

மாமா புது ஏற்பாடு செய்திருக்கிறார். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் பேச வேண்டும். அவள் விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறோம். ஏழு நிமிடம். இன்று நான்கு 'டி', ஒரு 'லூசு'.

பதினொரு மணிக்குத்தான் என்று தெரியும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பத்தே காலுக்கே போய் உட்கார்ந்திருந்தேன்.