முதல் அறையை விட்டுக் கிளம்பாதவன்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். கடிதம் என்றால் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.

நம் குடும்பம் நாடு விட்டு வந்த கதையை நீ நாவலாக எழுதியபோது, பஸ் டிப்போவில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினேன். ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடிக்கத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று டிக்கெட் பரிசோதகர் கிண்டல் செய்தார். இப்போது அதையே வீடியோ கேமாகவும் எழுதியிருக்கிறாய். வெளியிடும் முன் விளையாடிப் பார்க்கச் சொல்லி, மாப்பிள்ளை என் டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் நீ போனில் புலம்பினாயே, விளையாடிப் பார்ப்பவர்களில் யாரோ ஒருவர் பதினோரு நாளாகக் கேமின் முதல் அறையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறார், ஏதோ கோளாறு, பத்து நிமிடத்தில் கதவு தானாகத் திறந்து எல்லோரும் கிளம்பிவிடும்படி மாற்றப்போகிறோம் என்று. நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உச்சுக் கொட்டினேன். கோளாறெல்லாம் ஒன்றுமில்லை, கண்ணு. அது நான்தான்.

முப்பது வருஷம் ஒரு நிமிடம் பிந்தாமல் பஸ்ஸை எடுத்தவன், உன் கேமில் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறேன். நாம் புறப்பட்ட அன்று காலை, பழைய வீட்டு அறையில் உன் அம்மா பெட்டி அடுக்குகிறாள். பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்தினால் ஏதாவது பேசுகிறாள். மொத்தம் ஏழு பேச்சு, பிறகு மறுபடி முதலிலிருந்து. நெற்றியில் விழும் முடியைப் புறங்கையால் தள்ளுவது அச்சு அசல் அவளேதான். அவள் போய் ஆறு வருஷமாயிற்று. தினமும் காலையில் காபியோடு அவளெதிரே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆனால் ஒன்று தப்பு. நாவலிலும் சரி, கேமிலும் சரி, போகலாம் போகலாம் என்று பறந்தவள் அவள்தான் என்று எழுதியிருக்கிறாய். அது நான் உனக்குச் சொன்ன பொய். அன்று பெட்டியை மூடும்போது அவள் என்னைப் பார்த்து, "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எல்லாத்தையும் திரும்ப எடுத்து வெச்சிடறேன்" என்றாள். நான் காதில் விழாத மாதிரி, டாக்சி வந்துவிட்டதா என்று ஜன்னல் பக்கம் போனேன். அப்புறம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வந்த இடத்து மொழி அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நானும் வேலைக்கு, நீயும் பள்ளிக்குப் போன பிறகு நாளெல்லாம் யாரோடு பேசினாளோ.

இங்கே வந்ததால்தான் நீ படித்தாய், இத்தனை எழுதினாய். அதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை. உன்னிடம் இதை மறைத்ததற்குக் கோபித்துக்கொள், தாராளமாகத் திட்டு. ஆனால் கதவுக்கு மட்டும் நேரம் வைக்காதே. முடிந்தால் அவள் கேட்டதை எட்டாவது பேச்சாகச் சேர்த்துவிடு. கேமில் வரும் அப்பா அவளுக்குப் பதில் சொல்ல ஒரு பட்டனும் வை. மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் அழுத்தட்டும். என் பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும், ஒருவர் மெல்லக் கேட்டாலும் மற்றவர் காதில் விழும்படி, நூறு வருஷம் வாழ வேண்டும்.

உன் அப்பா